‘நிறுத்துங்க’ என்று சொல்லப் பழகிய லோகப்பிரியா

முதலில் என் தங்கை லோகப்பிரியா எதையெல்லாம் வென்றாள் என்று வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மதுக்கரையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு எருமை குறுக்கே நிற்கும். பெரியவர்களே சுற்றுவழியில் போவார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து ஓரமாகக் கட்டிவிட்டுப் போனாள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின மாதம் அம்மை போட்டது. எழுந்து போய் எழுதிப் பள்ளியில் இரண்டாவதாக வந்தாள். பன்னிரண்டாவது முடித்ததும், “பொட்டப்புள்ளைக்கு ஆபரேசன் ரூமுல என்ன வேலை?” என்று கேட்ட பெரியப்பாவை வென்றாள். ஆபரேசன் தியேட்டர் படிப்பில் சேர்ந்த புதிதில் ரத்தத்தைப் பார்த்தாலே சுவரைப் பிடிப்பாள். அதையும் வென்றாள். இரு சக்கர வண்டி உரிமத்துக்கு எட்டுப் போடும்போது இரண்டு முறை காலை ஊன்றிவிட்டாள், மூன்றாம் முறை வென்றாள். பெண் பார்க்க வந்து, “கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்குப் போகோணுமுங்களா?” என்று கேட்ட மூன்று குடும்பங்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

இவ்வளவையும் வென்றவளுக்கு ஒன்று மட்டும் வரவில்லை. வயதிலோ பதவியிலோ பெரியவரான ஒருவரிடம், இதைச் செய்யாதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அவளால் முடியாது. பெரியப்பாவைக்கூட ஆறு மாதம் அழுது வென்றாளே தவிர, ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

நான் ஈஸ்வரமூர்த்தி, அவளுக்கு அண்ணன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் ஆட்களை மேற்பார்க்கிறேன். அவள் வேலையைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

பீளமேட்டில் டாக்டர் சென்னகிருஷ்ணன் நடத்தும் அழகு அறுவை சிகிச்சை மருத்துவமனையில் அவள் தியேட்டர் டெக்னீசியன். கத்தி, துணி, பஞ்சு எல்லாம் எடுத்துவைப்பது, எண்ணுவது, சுத்தம் செய்வது என்று இருந்தவளிடம், கொழுப்பு எடுக்க அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று வந்து இறங்கியதும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டாக்டர் கொடுத்தார்.

அல்ட்ராசவுண்ட் என்ற சொல் எங்கள் தெருவுக்குள் வந்ததுதான் தாமதம், இரண்டு பேர் அம்மாவைத் தேடி வந்துவிட்டார்கள். மருமகள் வயிற்றில் இருப்பது பையனா பெண்ணா என்று லோகு பார்த்துச் சொல்வாளாமா என்று ரகசியமாகக் கேட்டார்கள்.

“அதைச் சொன்னா செயில்ல போடுவாங்க, தெரியுமா?” என்றாள் அம்மா. “அதுமில்லாம இவ பாக்கறது வயித்துல இருக்கற கொழந்தைய இல்ல. வயித்துல இருக்கற கொழுப்ப.”

“அதப் போயி எதுக்குப் பாத்துட்டு? நம்ம கண்ணுக்கே தெரியுதே!”

எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. “மிசின் வெச்சுக் கொழுப்ப உருக்கறீங்களா, நெய் காய்ச்சறாப்பல?” என்று கேட்டேன்.

“உருக்கறதில்லீங்ண்ணா. உதுத்து உடறது,” என்றாள்.

அவள் சொன்னது இதுதான். தோலுக்கடியில் கொழுப்பு சின்னச் சின்ன மணிகளாகக் கோத்து இருக்கும். நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் நாரும் ஓடும். பழைய முறையில் ஒரு குழாயை நுழைத்து, முன்னும் பின்னும் இழுத்து, எல்லாவற்றையும் பிய்த்து உறிஞ்சுவார்கள். இந்த முறையில் முதலில் மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை அந்த இடம் நிறைய ஏற்றி ஊறவிடுகிறார்கள். பிறகு ஒரு சிறு துளை வழியாக டைட்டானியத்தில் செய்த மெல்லிய கம்பியை விடுகிறார்கள். அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை அதிரும். அதிர்வது கண்ணுக்குத் தெரியாது, அந்த ஒலி காதுக்கும் கேட்காது. அந்த அதிர்வில் கொழுப்பு மணிகள் கோப்பு விட்டு உதிர்ந்து, உப்புநீரோடு கலந்து பால் போல ஆகிவிடும். நரம்பும் குழாயும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தப் பாலை மட்டும் கடைசியில் மெதுவாக உறிஞ்சி எடுக்கிறார்கள்.

“அப்ப எடை கொறையுமா?”

“அதுக்கில்லீங்ண்ணா. எடை கொறைக்கறதுக்குன்னு வந்தா டாக்டர் திருப்பி அனுப்பிப்போடுவாரு. எத்தனை நடந்தாலும் பட்டினி கெடந்தாலும் ஒரு எடத்துல மட்டும் போகாம நிக்கும் பாருங்க, அதைச் சரிபண்றதுக்கு.”

நல்ல கருவிதான். ஆனால் அதிர்கிற கம்பி சூடாகும். ஒரே இடத்தில் நின்றால் உள்ளே சுட்டுவிடும், அதனால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகர்ந்தாலும், ஏற்றிய நீரின் அளவைப் பொறுத்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேர வரம்பு உண்டு. கம்பியை இயக்கும் பெடல் டாக்டரின் காலடியில் இருக்கும். நேரம் காட்டும் திரை லோகுவின் முன்னால் இருக்கும். வரம்பு வந்ததும் சொல்வது அவள் வேலை.

பிசகு நடந்தது அங்கேதான். பீளமேட்டிலேயே ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவனுக்கு இடுப்பில் செய்துகொண்டிருந்தார்கள். நேரம் வந்தது. லோகு சொன்னாள்: “டாக்டர், நேரமாயிருச்சாட்ட இருக்குதுங்க. பாத்துக்கறீங்களா?”

“ஆகட்டுங்க அம்மணி,” என்றார் டாக்டர். கம்பி ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் நிறுத்தப்போகிறார் என்று இவள் நினைத்தாள். இவள் சும்மா ஞாபகப்படுத்துகிறாள், இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர் நினைத்தார். கொஞ்சம் பொறுத்து, “சித்த பாருங்களே டாக்டர்” என்றாள். “சரீங்க, சரீங்க” என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டே இருந்ததில், துளைக்குப் பக்கத்தில் தோல் கன்றிப்போய்க் கொப்புளம் வந்துவிட்டது.

மருந்து போட்டு ஆறியது, ஒரு கறுத்த தழும்பு நின்றது. பையன் பெருந்தன்மையான ஆள். “டீசர்ட்டுக்குள்ள இருக்குதுங்க, யாரு பாக்கப்போறாங்க?” என்று சொல்லிவிட்டான். லோகுதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவள் பிறகு சொன்னாள்.

“தப்பு என்னோடதுங்க,” என்றாராம். “பெடல் மேல இருந்தது என்ற காலு. ஆனா ஒண்ணு பாருங்க அம்மணி. என்ற கண்ணு தோல் மேல இருக்குது. ஒரு கை கம்பியில, இன்னொரு கை அதோட நுனி போற எடத்துல. கடியாரம் உங்ககிட்டத்தான். நீங்க கேள்வி கேட்டா நா பதில் சொல்லீட்டு வேலையப் பாப்பேன். நீங்க கேக்கப்படாதுங்க, சொல்லோணும். நிறுத்துங்கன்னு சொல்லோணும்.”

“எப்படீங்க டாக்டர், உங்களைப் போயி…”

“நாந்தானுங்க சொல்றேன், சொல்லுங்கன்னு.”

“சரீங்க டாக்டர். முயற்சி பண்றேனுங்க.”

கருவி விற்ற கம்பெனியில் பயிற்சி கொடுப்பவர் ஆல்வின் என்று ஒருவர், கொச்சியிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். அடுத்த சிகிச்சையின்போது அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். லோகு நேரத்தை உறுதியாகச் சொல்லி நிறுத்தினால் கருவி அவள் பொறுப்பிலேயே இருக்கும். தயங்கினால், இனி ஒவ்வொரு முறையும் கம்பெனி ஆள்தான் வந்து கருவியை இயக்குவார். லோகு பழையபடி பஞ்சு எண்ணப் போகலாம்.

“பஞ்சு எண்றதும் நல்ல வேலதான் கண்ணு,” என்றாள் அம்மா.

“நல்ல வேலதாம்மா. ஆனா இது என்ற வேல,” என்றாள் லோகு. அவள் அம்மாவிடம் அவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. இப்படி டாக்டரிடம் பேசினால் போதுமே என்று தோன்றியது.

பயிற்சியை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். என் தொழில் அதற்குக் கைகொடுத்தது. எங்கள் பக்கத்துப் பந்தியில் ‘போதும்’ என்ற சொல்லைப் பரிமாறுகிறவன் காதில் வாங்கக் கூடாது. போதும் என்றால் இன்னொரு கரண்டி. ஐயோ போதுமுங்க என்றால் அரைக் கரண்டி. இலையைக் கையால் மூடினால்தான் அடுத்த இலைக்கு நகர்வோம். சொன்ன உடனே நிறுத்தினால், ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிகளுக்கு, சரியாகப் போடவில்லை என்று கல்யாண வீட்டுக்காரர் நம்மைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் சென்னகிருஷ்ணனும் பொள்ளாச்சிப் பக்கம் இப்படிப் பந்திகளில் சாப்பிட்டு வளர்ந்தவர்தான். தயங்கித் தயங்கிச் சொன்னால் அவர் கை எப்படி நிற்கும்?

அதனால் லோகுவை இலை போட்டு உட்காரவைத்தேன். ரச வாளியோடு நின்றேன். “கையால மறைக்கப்படாது. வாயால நிறுத்தோணும்,” என்றேன்.

ஊற்றினேன்.

“போதுங்ண்ணா.”

ஊற்றினேன்.

“அண்ணா, போதும்னு சொல்றேனில்லீங்க?”

“கேக்கறியா, சொல்றியா?”

“ஐயோ, சொல்றேனுங்க, சாதம் மெதக்குதுங்ண்ணா!”

ரசம் இலையைத் தாண்டி ஓடி, சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் சேலையைத் தொட்டது.

“ரெண்டு பேருத்துக்கும் இருக்கற கொழுப்புக்கு அந்த மிசின் பத்தாது!” என்று அம்மா எழுந்து போனாள்.

அடுத்த நாளும் அப்படியே. சொல் வாய்வரை வரும். வந்ததும் ஒரு ‘இருக்குதுங்களா’, ஒரு ‘பாத்துக்கறீங்களா’ என்று வால் முளைத்துவிடும். அதட்டிப் பார் என்றேன். அதட்டினால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பிடிக்காத ஆள் என்று நினைத்துக்கொள் என்றேன். பிடிக்காதவர்களிடம் இன்னும் மரியாதையாகப் பேசினாள்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவள், கை கால் கழுவிவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, இப்ப நா உக்காந்து ஒண்ணு சொல்லுவேன். மரியாத கொறவாத் தெரிஞ்சா மன்னிச்சுப்போடுங்க. அதுக்குண்டான மன்னிப்ப இப்பவே கேட்டுக்கறேன்.”

“கேட்டாச்சு. உக்காரு.”

உட்கார்ந்தாள். ஊற்றினேன்.

“நிறுத்துங்க.”

என் கரண்டி அந்தரத்தில் நின்றது. எத்தனை வருடமாகப் பரிமாறுகிறேன், ஒரு சொல்லுக்கு என் கை நின்றது அதுதான் முதல் தடவை. குரலை அவள் உயர்த்தவில்லை. உப்பு எடுங்கள் என்று சொல்வதைப்போல் சாதாரணமாகச் சொன்னாள்.

“எப்படி வந்துச்சு?” என்றேன்.

“மரியாதையெல்லாம் முன்னாலயே குடுத்து முடிச்சுப்போட்டேனில்லீங்ண்ணா. அப்பறம் வார்த்த லேசா வருது.”

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளே கண்டுபிடித்தது. அன்றைக்கு ரசமும் நன்றாக இருந்தது.

சிகிச்சைக்கு வந்தவர் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாரியாத்தாள் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். நடந்து, சாப்பாட்டைக் குறைத்து, உடம்பெல்லாம் இளைத்தும், மேல்கை இரண்டும் மட்டும் இளைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டன. டாக்டர் எல்லாம் விளக்கி, சிகிச்சைக்கு ஏற்ற உடம்புதான் என்று பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். மேல்கைக்கு முழு மயக்கம் தேவையில்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். ஆகவே அக்கா விழித்துக்கொண்டிருப்பார், பேசிக்கொண்டும் இருப்பார்.

லோகுவின் வண்டி பழுது பார்க்கப் போயிருந்ததால் அன்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தி ஏதும் இல்லாததால் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அக்காவின் வீட்டுக்காரர் குமாரசாமி.

“கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ கையப் பத்தி நா ஒண்ணுமே சொன்னதில்லீங்க,” என்றார்.

“நல்லதுங்களே.”

“அதுதானுங்க அவளுக்குக் கோவம்.”

உள்ளே நடந்ததை லோகுவும் சொன்னாள், பிறகு மாரியாத்தாள் அக்காவும் சொன்னார். இருவர் சொன்னதிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

கை கழுவப் போவதற்கு முன், நடையில் வைத்தே லோகு டாக்டரை நிறுத்தினாள். ஆல்வினும் கூட இருந்தார்.

“டாக்டர், உள்ள போனா நா ஒத்த வார்த்ததான் சொல்லுவேனுங்க. கோவிச்சுக்கப்படாதுங்க. மன்னிப்பு இப்பவே கேட்டுக்கறேனுங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. “தாராளமாச் சொல்லுங்க. சொல்லியும் நா கேக்கலீன்னா அணைச்சுப்போடுங்க,” என்றார்.

இடது கை முதலில். நீர் ஏற்றி, ஊறவிட்டு, கம்பியை உள்ளே விட்டார். துளையைச் சுற்றி, சூடு படாமலிருக்க ஈரத்துணி. கம்பி விசிறி மடிப்பு போலப் போய்ப்போய் வந்தது. நேர வரம்புக்கு முன்பே, கம்பிக்குத் தடையே இல்லை, எல்லாம் உதிர்ந்துவிட்டது என்று டாக்டரே நிறுத்திவிட்டார். லோகு வாயைத் திறக்க வேண்டியே வரவில்லை. ஆல்வின் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே நின்றார்.

வலது கைக்கு வந்தபோது மாரியாத்தாள் அக்கா மகன் கல்யாணக் கதையை ஆரம்பித்திருந்தார். சம்பந்தி வீட்டார் இரண்டு பேருந்து நிறைய வருவதாகச் சொல்லிவிட்டு நாலு பேருந்தில் வந்து இறங்கிய கதை.

“அப்பறம் என்னங்க ஆச்சு?” என்றார் டாக்டர். கம்பி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன ஆகும்? என்ற ஊட்டுக்காரரு மண்டபத்துப் பின்னால போயி ஒளிஞ்சுட்டாரு!”

டாக்டர் முகமூடிக்குள் குலுங்கிச் சிரித்தார். திரையில் நேரம் வரம்பைத் தொட்டது.

“டாக்டர், நிறுத்துங்க.”

வால் முளைக்காமல் வந்துவிட்டது. ஆனால் டாக்டர் கம்பியை எடுக்கவில்லை. முழங்கைக்கு மேலே ஒரு இடத்தை விரலால் தடவிக்கொண்டே, “இந்த மூலையில மட்டும் இன்னொரு சுத்துங்க அம்மணி. ஒரே ஒரு சுத்துங்க,” என்றார்.

இதற்கு நாங்கள் வீட்டில் பயிற்சி எடுக்கவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லப் பழகினாளே தவிர, அவ்வளவு பெரிய மனிதர் தன்னிடம் கெஞ்சினால் என்ன செய்வது என்று யோசித்தே பார்க்கவில்லை. சரீங்க டாக்டர் என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டதாம். அந்தப் பையனின் இடுப்பில் கறுத்துக் கிடந்த தழும்புதான் நினைவுக்கு வந்ததாம்.

“இல்லீங்க. நிறுத்துங்க,” என்றாள். சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்திக் கருவியை அணைத்துவிட்டாள்.

டாக்டரின் கையில் இருந்த கம்பி வெறும் கம்பியானது. அவர் பெடலை இன்னொரு முறை மிதித்தார், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் பேசியது, படுத்திருந்த மாரியாத்தாள் அக்காதான்.

“ஏங்கண்ணு, டாக்டரையே அதட்டறியே! இத என்ற மருமகளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடேன்.” ஒரு நொடி யோசித்து, “வேண்டாஞ்சாமி. சொல்லிக்கில்லிக் குடுத்துப்போடாதே!” என்றார்.

டாக்டர் கம்பியை மெதுவாக வெளியே எடுத்தார். கையை முழுக்கத் தடவிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். “பத்தும். உறிஞ்சறதுல சரியாயிருமுங்க,” என்று குழாயைக் கேட்டு வாங்கினார். பால் போன்ற நீர் வந்து முடிந்ததும் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். துளையோரத்தில் எங்கும் சிவப்பு இல்லை. இறுக்கமான உறையை மாட்டி அக்காவை வெளியே கொண்டுவந்தார்கள். குமாரசாமி எழுந்து போய், கைகளை ஏற இறங்கப் பார்த்து, இந்த முறை உடனே, “நல்லாருக்குது” என்றார்.

“உறைக்குள்ள என்னத்தக் கண்டீங்க?” என்றார் அக்கா.

நடையில் லோகு டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாளாம்: “இன்னொரு சுத்துன்னு என்னையச் சோதிக்கத்தானுங்களே கேட்டீங்க?”

“அட இல்லீங்க அம்மணி. நிசமாவே அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கதை கேட்ட ஜோருல நேரத்தை மறந்துபோட்டேன்,” என்றார். “நீங்க அணைக்காம இருந்தா சுத்தியிருப்பேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். ஆல்வின் கட்டியிருந்த கையை அவிழ்த்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எனிக்கு இனி இவிட வேலை இல்லை,” என்று சிரித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் தியேட்டரில் ஒரு தாள் எழுதுவார்கள். அதில் கருவியை இயக்கியவர் என்று ஒரு வரி உண்டு. லோகு பயிற்சியில் இருந்ததால் அதுவரை அந்த வரியில் டாக்டரே கையெழுத்துப் போட்டுவந்தார். அன்று தன் வரியில் மட்டும் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் அவளிடம் நீட்டினார். அவள் சுருக்காமல், கிறுக்காமல், லோகப்பிரியா என்று தமிழில் முழுப்பெயரையும் எழுதினாள். கீழே தேதி போட்டாள்: 2024 செப்டம்பர் 4, புதன்கிழமை.